கருவியும் கருத்தாவும்: நிரலில்லாத் தன்னியக்கம் பற்றியோர் அறவியல் நோக்கு

1

தமிழ் இலக்கணத்தில் மூன்றாம் வேற்றுமை கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி ஆகிய பொருள்களில் வரும். 'மரம் வாளால் அறுக்கப்பட்டது' என்னுமிடத்து 'ஆல்' என்னும் உருபு கருவியைச் சுட்டுகின்றது. 'கோயில் தச்சனாற் கட்டப்பட்டது' என்னுமிடத்து அதே உருபு கருத்தாவைச் சுட்டுகின்றது. கருத்தாவையும் இலக்கண ஆசிரியர் இருவகைப்படுத்துவர். 'அரசனாற் கட்டப்பட்ட கோயில்' என்பதில் வரும் அரசன் ஏவுதற் கருத்தா. 'தச்சனாற் கட்டப்பட்ட கோயில்' என்பதில் வரும் தச்சன் இயற்றுதற் கருத்தா. ஏவியவன், இயற்றியவன், இயற்றுதற்குத் துணைநின்ற கருவி என்னும் மூன்றையும் வேறுபிரித்தறியும் இப்பாகுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. ஒரு செயலுக்குப் பொறுப்புடையவர் யார் என்னும் அறவியல் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. கோயிற் சுவர் சரிந்துவிடின் அரசனை வினவலாம், தச்சனை வினவலாம், உளியை வினவுவார் ஒருவருமிலர்.

இன்றைய அலுவலகங்களில் அடிக்கடி செவிப்படும் வாக்கியமொன்றை இவ்விலக்கணத்தின் துணைகொண்டு நோக்கலாம். 'உமது விண்ணப்பம் கணினியால் நிராகரிக்கப்பட்டது' என்பது அது. இங்கு 'ஆல்' என்பது கருவிப் பொருளில் வந்ததா, கருத்தாப் பொருளில் வந்ததா? கூறுபவர் கருவிப் பொருளிற் கூறுவதாக எண்ணக்கூடும். ஆயின் நிராகரித்தவர் யார் என்று கேட்பவருக்கு விடையாக எவர் பெயரும் கிடைப்பதில்லை. கருத்தா மறைந்த அவ்விடத்திற் கருவியே கருத்தாவாகி நின்றுவிடுகின்றது. இம்மறைவு தற்செயலானதா, தவிர்க்கத்தக்கதா, தவிர்க்கும் கடமை யாருடையது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

இவ்வினா கணினித்துறை வல்லுநர்க்கு மட்டும் உரியதென முன்னர்க் கருத இடமிருந்தது. இன்று அவ்வாறு கருதுவதற்கில்லை. நிரல் எழுதும் பயிற்சி சிறிதும் இல்லாத எழுதுவினைஞரும் கணக்காளரும் நூலக உத்தியோகத்தரும் தத்தம் பணியைத் தாமே தன்னியக்கமாக்கிக்கொள்ள உதவும் கருவிகள் பெருகியுள்ளன. அவர்கள் அமைக்கும் முறைமைகள் ஒரு மேசையோடு நில்லாமற் பிரிவுகளைக் கடந்தும் செல்கின்றன. தச்சுத்தொழில் பயிலாத ஒருவர் கையிற் பெருங்கோயிலையே எழுப்பவல்ல உளியைக் கொடுத்ததற்கு இதனை ஒப்பிடலாம். கொடுத்தல் நன்றா, தீதா என்பதைக் காட்டிலும், எவ்வாறு கொடுத்தல் தகும் என்பதே ஆழ்ந்து சிந்திக்கற்பாலது.

2

நிரல் எழுதாதார்க்கும் கணினியின் ஆற்றலை உரித்தாக்க வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. 1959 ஆம் ஆண்டிலே திட்டமிடப்பட்ட கோபோல் என்னும் கணினிமொழி, ஆங்கில வாக்கியத்தை ஒத்த நடையில் அமைக்கப்பட்டமைக்கு ஒரு காரணம், முகாமையாளரும் அதனை வாசித்துணர வேண்டும் என்னும் விருப்பமாகும். அவ்விருப்பம் முற்றாக நிறைவேறவில்லை. கோபோல் எழுதுவோர் தனித்தொழிலாளராயினர். அடுத்த பெரும் முயற்சி 1979 இல் வெளிவந்த விசிகல்க் என்னும் விரிதாள் மென்பொருளாகும். ஹாவாட் வணிகப் பாடசாலையில் மாணவராயிருந்த டான் பிறிக்ளின், கரும்பலகையில் வரையப்பட்ட அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றினால் ஏனைய எண்கள் யாவற்றையும் அழித்தெழுத நேர்வதைக் கண்டு, அவ்வெண்கள் தாமாகவே மாறும் ஒரு பலகையைக் கருத்திற்கொண்டார். பொப் பிறாங்ஸ்ரன் அதனை நிரலாக்கினார். கணக்காளர் ஒருவர் வல்லுநரை நாடாது தம் கணக்கைத் தாமே கணினிக்குக் கற்பிக்கும் நிலை அதனோடு தோன்றிற்று.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இப்போக்கு வேறொரு கட்டத்தை எய்தியுள்ளது. 2011 இல் தோன்றிய சேப்பியர், 2016 இல் வேறு பெயரில் அறிமுகமாகி 2019 இற் பெயர் மாற்றம் பெற்ற மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் பவர் ஓட்டோமேற் முதலியன இக்கட்டத்துக்குரியன. ஆங்கிலத்தில் 'நோ கோட்' என வழங்கும் இவ்வகைக் கருவிகளை நிரலில்லாக் கருவிகள் எனலாம். இவற்றின் இயல்பு எளிது. ஒரு நிகழ்வு, ஒரு நிபந்தனை, ஒரு செயல் என்னும் மூன்றையும் திரையிற் கட்டங்களாக அடுக்கிக் கோடுகளால் இணைத்துவிடின் முறைமை இயங்கத் தொடங்கும். 'படிவம் வந்து சேர்ந்தால்' என்பது நிகழ்வு. 'தொகை குறித்த எல்லைக்கு உட்பட்டிருந்தால்' என்பது நிபந்தனை. 'நிதிப்பிரிவுக்கு அனுப்புக' என்பது செயல்.

பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர் உதவிப்பணப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்ளலாம். மாணவர் படிவம் நிரப்புவர். பீட அலுவலகம் வரவைச் சான்றுப்படுத்தும். பதிவாளர் பகுதி பதிவை உறுதிசெய்யும். நிதிப்பிரிவு பணத்தை வழங்கும். நான்கு மேசைகளைக் கடந்து செல்லும் கோவை, ஒவ்வொரு மேசையிலும் சில நாட்கள் தங்கும். ஒரே பெயரும் ஒரே எண்ணும் நான்கு பதிவேடுகளில் நான்கு முறை எழுதப்படும். இதனைக் கண்டு சலித்த எழுதுவினைஞர் ஒருவர், கணினிப்பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவரிடம் இரு மாலைப்பொழுதுகளிற் பயிற்சி பெற்று, நிரலில்லாக் கருவியொன்றினால் நான்கு மேசைகளையும் இணைத்துவிடுகிறார் எனக் கொள்வோமாயின், மூன்று வாரத்துப் பணி மூன்று நாளில் முடியும். முதல் மாதத்தில் யாவரும் அவரைப் பாராட்டுவர். அப்பாராட்டுக்கு அவர் முற்றிலும் உரியவரே.

3

இத்தகைய முயற்சியின் அறவியற் சிறப்பைக் குறைத்து மதிப்பிடலாகாது. பிரெடரிக் ரெயிலர் 1911 இல் வெளியிட்ட விஞ்ஞான முகாமைத்துவக் கோட்பாடுகள், தொழிலாளியின் கையிலிருந்த தொழிலறிவைத் திரட்டி முகாமையின் உடைமையாக்க முற்பட்டன. சிந்தித்தல் ஒருவர் பணி, செய்தல் மற்றொருவர் பணி என்னும் பிளவு அதனால் வலுப்பெற்றது. 1974 இல் ஹரி பிறேவர்மன் தமது நூலில் இப்பிளவையே ஆய்வுப் பொருளாக்கினார். கருத்துருவாக்கத்தைச் செயலாக்கத்தினின்றும் பிரிப்பதே இருபதாம் நூற்றாண்டில் உழைப்பு இழிவடைந்தமைக்கு அடிப்படை என்பது அவர் வாதம். தொழிற்சாலைக்கு மட்டுமன்றி அலுவலகத்துக்கும் அது பொருந்தும் என அவர் காட்டினார்.

கணினிமயமாக்கத்தின் முற்பட்ட வரலாறும் பெரும்பாலும் இவ்வழியே சென்றது. பணியின் நுணுக்கம் எழுதுவினைஞருக்குத் தெரியும். நிரலின் நுணுக்கம் வல்லுநருக்குத் தெரியும். இருவருக்குமிடையே தேவைகளைத் தொகுத்தெழுதும் இடைப்பட்டோர் தோன்றினர். சொல்லியது ஒன்று, எழுதப்பட்டது ஒன்று, அமைக்கப்பட்டது மற்றொன்று என ஆயிற்று. ஓராண்டு காத்திருந்து பெற்ற முறைமை தம் பணிக்குப் பொருந்தாமை கண்டு, பழைய பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருமுறை உழைத்த அலுவலகங்கள் பல. அங்குக் கணினி உழைப்பைக் குறைக்கவில்லை, இரட்டித்தது.

நிரலில்லாக் கருவி இப்பிளவை ஓரளவு இணைக்கின்றது. பணியை அறிந்தவரே முறைமையை அமைக்கின்றார். கருத்துருவாக்கமும் செயலாக்கமும் மீண்டும் ஒரே மேசைக்கு வருகின்றன. மேலும், ஒரே எண்ணை நான்கு முறை பிரதிசெய்யும் பணியில் மனிதத்தன்மைக்கு ஏற்றம் தருவது யாதுமில்லை. தறியின் நாடா தானே நெய்யுமாயின் எசமானர்க்கு அடிமை வேண்டியதில்லை என அரிஸ்டோட்டில் கருதியமை, அடிமைமுறையை நியாயப்படுத்துதற்கு அவர் கூறிய வாதத்தின் ஒரு பகுதியே. ஆயினும் சலிப்பூட்டும் உழைப்பிலிருந்து மனிதனை விடுவிப்பது கருவியின் தலையாய நன்மை என்னும் உண்மை அதனுள்ளும் மறைந்துள்ளது. எனவே, நிரலறியாதார்க்கு இக்கருவிகளைப் பயிற்றுவோர் செய்வது நற்பணியே என்பதில் ஐயமில்லை. ஐயம் எழுவது, இந்நற்பணி எவ்விடத்தில் முற்றுப்பெற்றதாகக் கருதப்படுகின்றது என்பதிலேயாம்.

4

நவீன அலுவலகத்தின் இலக்கணத்தை வகுத்த மக்ஸ் வெபர், வரையறுக்கப்பட்ட அதிகார எல்லையையும் எழுதப்பட்ட கோவையையும் அதன் இன்றியமையாக் கூறுகளாகக் கொண்டார். இவ்விரண்டும் சந்திக்கும் இடம் பிரிவுகளுக்கு இடையேயுள்ள எல்லையாகும். கோவை ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குச் செல்லும்போது ஒருவர் ஒப்பமிடுவார். மற்றொருவர் ஏற்றுக்கொண்டு ஒப்பமிடுவார். அவ்வொப்பம் தாமதத்துக்குக் காரணமாயிருந்தது என்பது மெய். ஆயின் அது வேறொன்றுக்கும் இடமளித்தது. ஒப்பமிடக் கையெடுத்தவர் கையை நிறுத்தவும் கூடும். 'இது சரியாகத் தோன்றவில்லை' என்று அவர் கூறக்கூடிய கணம் அது. தன்னியக்கம் தாமதத்தை நீக்கும்போது அக்கணத்தையும் உடன் நீக்கிவிடுகின்றது.

இதன் விளைவு எத்துணைப் பெரிதாகலாம் என்பதற்கு இங்கிலாந்தில் 2020 இல் நிகழ்ந்தது சான்றாகும். கொவிட் பெருந்தொற்றுக் காலத்திற் பரிசோதனைக்கூடங்கள் அனுப்பிய முடிவுகளை அப்போது இயங்கிய இங்கிலாந்துப் பொதுச் சுகாதார நிறுவனம் தன்னியக்க முறையில் எக்செல் விரிதாள்களிற் சேர்த்து, தொடர்புடையோரைத் தேடும் பிரிவுக்கு அனுப்பிவந்தது. பயன்படுத்தப்பட்ட பழைய கோப்பு வடிவம் 65,536 நிரைகளை மட்டுமே கொள்ளும். 2007 இல் வெளிவந்த புதிய வடிவமோ 10 இலட்சத்துக்கு மேற்பட்ட நிரைகளைக் கொள்ளவல்லது. ஒரு பரிசோதனைக்குப் பல நிரைகள் தேவைப்பட்டமையால், தொற்றுப் பெருகப் பெருகக் கோப்பு நிரம்பியது, எஞ்சியவை உதிர்ந்துபோயின. செப்டெம்பர் 25 இற்கும் ஒக்டோபர் 2 இற்கும் இடைப்பட்ட நாட்களில் 15,841 தொற்றாளர் நாளாந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. அவர்களுக்குத் தத்தம் முடிவு அறிவிக்கப்பட்டது. ஆனால் அவர்களோடு பழகியோரைத் தேடி எச்சரிக்கும் பணி நாட்கணக்கிற் பிந்தியது. தம்முள் நோய் புகுந்திருக்கலாம் என்பதை அறியாமற் பலர் வழமைபோல் வேலைக்கும் வீட்டுக்கும் சென்றுகொண்டிருந்தனர்.

இம்முறைமையை அமைத்தோர் கணினி அறியாதார் எனக் கொள்வதற்கில்லை. குற்றம் அறியாமையில் மட்டும் இல்லை என்பதே இந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடம். பரிசோதனைக்கூடம் தன் கடமையைச் செய்தது, அனுப்பவேண்டியதை அனுப்பிற்று. விரிதாளும் தன் இயல்புக்கு ஏற்ப இயங்கிற்று. தேடுவோரும் தமக்கு வந்து சேர்ந்த பெயர்களைத் தேடினர். அனுப்பப்பட்டவை எத்தனை, வந்து சேர்ந்தவை எத்தனை என இரு எண்களை நாள்தோறும் ஒப்பிட்டிருப்பின் தவறு முதல் நாளிலேயே வெளிப்பட்டிருக்கும். கணக்குப்பதிவில் ஒரு தொடக்கநிலை மாணவரும் அறிந்த செயல் அது. ஆயினும் எல்லைக்கோட்டில் நிகழும் அச்செயல் எவருடைய மேசைக்கும் உரியதாகத் தோன்றுவதில்லை. பிரிவுகளுக்கிடையே தரவு கடந்துசெல்லும், பொறுப்பு கடந்துசெல்வதில்லை.

இழப்பு இன்னொரு வகையிலும் நேர்கின்றது. சட்டம் பொதுவாகப் பேசும், வாழ்க்கையோ தனித்தனியாக நிகழும் என்பதனால், சட்டத்தின் குறையைத் தனிநிகழ்வுக்கேற்ப நிரப்பும் நயன்மையை அரிஸ்டோட்டில் நீதியின் ஒரு கூறாகவே கொண்டார். மைக்கல் பொலானி 1966 இல் வெளியிட்ட நூலில், வாய்விட்டு உரைக்க இயலாத அறிவு உண்டென்பதை வற்புறுத்தினார். அனுபவமிக்க எழுதுவினைஞர் இவ்விரண்டையும் நூலறிவின்றியே கையாள்பவர். மேலே கற்பனை செய்த உதவிப்பணப் பகுதியில், தந்தையின் வருமானச் சான்றிதழ் இணைக்கப்படாத படிவமொன்று வருமாயின், பழைய எழுதுவினைஞர் அதனை ஒதுக்கிவைத்து விடுதிக்குத் தொலைபேசியில் அழைத்திருப்பார். தந்தை உயிரோடில்லை என்பதும், தாய்க்குச் சான்றிதழ் பெற ஒருநாட் கூலியை இழக்கவேண்டும் என்பதும் அப்போது வெளிப்பட்டிருக்கும். 'சான்றிதழ் இன்றேல் நிராகரிக்க' என்னும் கட்டத்துக்கு இவை தெரியா. அக்கட்டத்தை வரைந்தவரும் அத்தொலைபேசி அழைப்பைத் தம் பணியின் ஒரு பகுதியாக எண்ணியிருக்கமாட்டார். எந்த விதியிலும் எழுதப்படாது, அவர் இயல்பாகவே செய்துவந்தது அது. முறைமையை அமைப்பதற்காகத் தம் பணியை விவரிக்கும்போது அவர் எழுதப்பட்டதை விவரித்தார், எழுதப்படாதது விடுபட்டது.

5

அந்த மாணவர் ஒரு தவணைப் பணத்தை இழந்துவிடுகிறார் எனக் கொள்வோம். விடுதிக் கட்டணம் செலுத்த இயலாமல் அவர் வினவ வருகிறார். யாரை வினவுவது? முறைமையை அமைத்த எழுதுவினைஞர் வேறு அலுவலகத்துக்கு இடமாற்றம் பெற்றுவிட்டார். அவர் இடத்துக்கு வந்தவர், 'இது நான் அமைத்ததன்று. எவ்வாறு மாற்றுவதென்றும் தெரியாது' என்பார். பகுதித் தலைவர், 'வேகமாக நடைபெறுகின்றது என்று கேட்டு அனுமதித்தேன்; உள்ளே இருப்பதை அறியேன்' என்பார். பயிற்சியளித்த நண்பர், 'கருவியைப் பயன்படுத்தும் முறையைத்தான் சொல்லிக்கொடுத்தேன். விதியை நான் வகுக்கவில்லை' என்பார். கருவியை விற்ற நிறுவனம் பயன்பாட்டு நிபந்தனைகளைக் காட்டும். ஒவ்வொருவர் கூற்றும் தனித்தனியே மெய்யானது. எல்லாவற்றையும் ஒன்றுசேர்ப்பின் பொய்யாகின்றது. ஏனெனில் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்துள்ளது, செய்தவர் ஒருவருமில்லை. பணிக்குழு ஆட்சியை, விடைசொல்ல ஒருவருமில்லாத ஆட்சியாக ஹன்னா ஆரென்ட் கண்டது இத்தகைய நிலையையே. அவர் கண்ட அலுவலகத்தில் மனிதர் பலர் இருந்தும் ஒருவரும் விடைசொல்லவில்லை. இங்கு அம்மனிதரும் மேசையை விட்டு எழுந்துவிட்டனர்.

கருவியை இயற்றியோரின் பங்கும் சிறிதன்று. 2021 ஓகஸ்ற் மாதத்தில் அப்கார்ட் என்னும் இணையப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட செய்தியொன்று இதனை விளக்கும். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் பவர் அப்ஸ் என்னும் கருவியால் அமைக்கப்பட்ட வாயில்கள் வழியாக, 47 நிறுவனங்களுக்குரிய 3 கோடியே 80 இலட்சம் பதிவுகள் எவரும் பார்க்கக்கூடிய நிலையில் இருந்தன. அரச சுகாதார அமைப்புகளும் அவற்றுள் அடங்கின. எவரும் பூட்டை உடைக்கவில்லை. அட்டவணைகளுக்கான அனுமதிக் கட்டுப்பாடு, அமைப்பவர் தாமே தெரிந்து இயக்கினாலன்றி இயங்காதவாறு விடப்பட்டிருந்தது. பின்னர் அந்நிறுவனம் அதனைத் தொடக்கத்திலேயே இயங்கும்படி மாற்றியது. எளிமையாக்குதல் என்பது தெரிவுகளைக் குறைத்தல். குறைக்கப்பட்ட தெரிவுகள் மறைந்துபோவதில்லை; அவற்றை வேறொருவர் முன்கூட்டியே செய்துவிடுகிறார். தெரிவு ஒன்று உண்டென்பதையே அறியாதவரை, அவர் தெரிந்தெடுத்தார் எனக் குற்றஞ்சாட்டுவது நீதியாகாது.

அவ்வாறாயின் இக்கருவிகளைத் தடைசெய்து, யாவற்றையும் வல்லுநரிடமே ஒப்படைத்தல் தகும் எனச் சிலர் கூறுவர். இவ்வாதம் இருவகையிற் குறையுடையது. முதலாவதாக, தடைசெய்யப்பட்டவை மறைவிற் பெருகும். சலிப்பில் உழல்பவர் தமக்குத் தெரிந்த விரிதாளைத் தமது கணினியில் ஒளித்துவைத்தேனும் பயன்படுத்துவர். இரண்டாவதாக, வல்லுநர் அமைத்த முறைமையும் இதே தீங்கை இதனினும் பெரிதாகச் செய்துள்ளது. பிரித்தானிய அஞ்சல் சேவையில் 1999 முதல் இயங்கிய ஹொறைசன் என்னும் கணக்கு முறைமை பெருநிறுவனமொன்றினால் உருவாக்கப்பட்டது. அது காட்டிய பொய்யான பற்றாக்குறைகளின் அடிப்படையில் 900 இற்கும் மேற்பட்ட உபதபாலதிபர்கள் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர்; சிலர் உடைமைகளை இழந்தனர். 2024 இலேயே பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அத்தீர்ப்புகளை நீக்கிற்று. கணினி கூறுகின்றது என்பது அங்குச் சாட்சியாகவே ஏற்கப்பட்டது; மனிதர் கூற்று ஐயத்துக்குரியதாயிற்று. ஆகவே பிரச்சினை, அமைப்பவர் வல்லுநரா அல்லரா என்பதன்று. கருவி கருத்தாவின் இடத்தில் அமர்த்தப்படுகின்றதா என்பதே.

6

மேற்கூறியவற்றிலிருந்து உதவியின் இலக்கணம் யாது என்னும் வினாவுக்குத் திரும்பலாம். தெரிந்துவினையாடல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வினையையும் கருவியையும் செய்பவரையும் ஒருங்கே ஆராய்ந்த பின்னரே பணியை ஒப்படைக்கச் சொல்கிறார். ஒப்படைத்தல் என்பது கருவியைக் கையிற் கொடுத்து அகலுதல் அன்று என்பது அதனாற் பெறப்படும். நிரலறியாதார்க்கு நிரலில்லாக் கருவியைப் பயிற்றுபவர், இயற்றும் ஆற்றலை மட்டும் அளித்து விடைசொல்லும் வழக்கத்தை அளியாது விடுவாராயின், அவர் அளித்தது பாதியே. அப்பாதி, முழுவதும் அளியாமையினும் தீங்கு பயக்கக்கூடும்.

எழுதுவினைஞரிடம் பயிற்றுபவர் கேட்கவேண்டிய முதல் வினா, 'இது எவ்வாறு இயங்கவேண்டும்' என்பதன்று. 'இது எப்போது இயங்கலாகாது' என்பதே. அவ்வினாவுக்கு விடைதேடும்போதுதான் எழுதப்படாத தொலைபேசி அழைப்பு நினைவுக்கு வரும். இரண்டாவதாக, ஒவ்வொரு முறைமைக்கும் ஒரு பொறுப்பாளரின் பெயர் எழுதப்படவேண்டும். கோவையைப் போன்றே அதுவும் இடமாற்றத்தின்போது எண்ணிக் கையளிக்கப்பட்டு ஒப்பமிடப்படவேண்டும். மூன்றாவதாக, பிரிவுகளுக்கிடையேயுள்ள ஒவ்வோர் எல்லையிலும் சென்றவையும் சேர்ந்தவையும் எண்ணப்படவேண்டும்; எண்கள் ஒவ்வாதபோது முறைமை நின்று ஒரு மனிதரை அழைக்கவேண்டும்.

நான்காவது சற்று விரிந்த விளக்கத்தை வேண்டுவது. தன்னியக்க முறைமை 'ஆம்' என்று சொல்லலாம். 'பொறுத்திருக்க' என்றும் சொல்லலாம். 'இல்லை' என்பதை மட்டும் ஒரு மனிதரே சொல்லவேண்டும். தவறாகச் சொல்லப்பட்ட 'ஆம்' பெரும்பாலும் பணத்தை இழக்கச் செய்யும். கணக்காய்வில் அது கண்டறியப்படும். தவறாகச் சொல்லப்பட்ட 'இல்லை' ஒரு மனிதரை இழக்கச் செய்யும். விலகிச்சென்றவரைக் கணக்காய்வு தேடுவதில்லை. வரையறுக்கப்பட்ட நிதியில் ஒருவருக்குத் தவறாகக் கொடுத்தது மற்றொருவர்க்கு மறுத்ததாகாதா என இதற்கு மறுப்புக் கூறலாம். அம்மறுப்பில் உண்மை உண்டு. அவ்வாறு பங்கிடும் நிலைகளில் 'ஆம்' என்பதையும் மனிதர் பார்வைக்கு உட்படுத்தவேண்டும் என்பதே அதற்கு விடையாகும். எவ்வாறாயினும், மறுக்கப்பட்டவர் காரணத்தைக் கேட்பதற்கும், கேட்டவருக்கு ஒரு முகம் விடைசொல்வதற்கும் உரிய உரிமை குறைவதற்கில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையிலுள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, முற்றிலும் தன்னியக்கமான தீர்மானங்களுக்கு வரம்பு கட்டுகின்றது. இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அத்தகைய தீர்மானங்களை மீளாய்வு செய்யக் கோரும் உரிமைக்கு இடம் வகுத்துள்ளது. சட்டம் இறுதி எல்லையை வகுக்கும். அவ்வெல்லைக்கு வரும்வரை காத்திராது, திரையில் முதற்கட்டத்தை வரையும்போதே அதனை மனங்கொள்வது அறத்தின் பாற்படும்.

இறுதியாக, மீதப்பட்ட காலம் யாருக்குரியது என்னும் வினா எஞ்சுகின்றது. மூன்று வாரத்துப் பணி மூன்று நாளில் முடியுமாயின், எஞ்சிய நாட்களை ஆட்குறைப்பாகக் கணக்கிடுவது முகாமைக்கு எளிது. அவ்வாறு செய்யின், தன் அறிவைக் கொடுத்து முறைமையை அமைத்த எழுதுவினைஞர் தம் இடத்தைத் தாமே அழித்தவராவார். பிறேவர்மன் கண்ட பிளவு, இணைந்தது போலத் தோன்றி மேலும் ஆழமாகும். அதனை அறிந்த ஏனையோர் தம் பணியின் நுணுக்கத்தை வெளியிடாது காத்துக்கொள்வர், அவர்களைக் குறைகூறுவதற்குமில்லை. மாறாக, மீதப்பட்ட நாட்கள் அத்தொலைபேசி அழைப்புக்கும், ஒதுக்கிவைத்த படிவத்தை மீண்டும் எடுத்து நோக்குவதற்கும், வாயிலில் நிற்பவருடன் பேசுவதற்கும் திருப்பியளிக்கப்படுமாயின், பிரதிசெய்யும் பணி கருவிக்கும் தீர்மானிக்கும் பணி மனிதருக்கும் என்னும் பகுப்பு மெய்ப்படும்.

நிரலில்லாக் கருவியைக் கையாளும் எழுதுவினைஞர் தச்சனும் அரசனும் ஒருவராகிய நிலையில் இருக்கிறார். இயற்றுதற் கருத்தாவும் அவரே. கட்டங்களை வரைந்து கணினியை ஏவுதலால் ஏவுதற் கருத்தாவும் அவரே. அது பெரும் உரிமை. அவ்வுரிமையின் சுமையை அவர் தனித்துத் தாங்கும்படி விடுவது, அவருக்குக் கற்பித்தவர்க்கும் அனுமதித்தவர்க்கும் கருவியை ஆக்கி விற்றவர்க்கும் தகாது. 'கணினியால் நிராகரிக்கப்பட்டது' என்னும் வாக்கியத்தை அலுவலகங்கள் எழுதுவதை முற்றாகத் தடுக்க இயலாதிருக்கலாம். ஆயின், அதன்கீழ் ஒருவர் பெயரும், அவரைச் சந்திக்கக்கூடிய நேரமும் இடமும் எழுதப்பட்டிருப்பின், படிவத்தைக் கையில் ஏந்தி நிற்கும் மாணவர் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவதென்று அறிவார்.